கண்டு கொள்க

கோவிற்பட்டிக்குக் கிழக்கே, கரிசல் நிலத்தின் நடுவே அமைந்துள்ள ஊர் எட்டயபுரம். 1882ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11ஆம் நாள் பாரதியார் அங்கே பிறந்தமையால், தமிழ் வழங்கும் இடமெல்லாம் அவ்வூர் அறியப்பெற்றது. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலம் அவ்வூரிலேயே உள்ளது. இசைமேதை முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்ததும் அங்கேதான். புலமையாலும் இசையாலும் பெயர்பெற்ற அவ்வூருக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. சனிக்கிழமைதோறும் அங்கே கூடும் ஆட்டுச் சந்தை தென்மாவட்டங்களில் பெரிதும் அறியப்பட்டது. அச்சந்தையில் உழவர் ஆடு வாங்கும் முறையை ஊன்றி நோக்கினால், இக்காலத்து மாணவர்க்கு மிகவும் வேண்டிய பாடம் ஒன்று அதில் அடங்கியிருத்தல் புலனாகும்.

சந்தையின் மூன்று காவல்கள்

பொழுது புலரும் வேளையிலேயே சந்தை களைகட்டிவிடும். நெடிய கால்களும், வெண்ணிற உடலிற் கருநிறத்தையோ செந்நிறத்தையோ தெளித்தாற் போன்ற பொறைகளும் உடைய கொடியாடுகள் ஒருபுறம் நிற்கும். வேம்பூர்ப் பக்கத்துச் செம்மறிகளாகிய பொட்டு ஆடுகள் மற்றொருபுறம் நிற்கும். பொங்கல், தீபாவளி, பக்ரீத் முதலிய திருநாள்களுக்கு முந்திய வாரங்களிற் கூட்டம் பன்மடங்கு பெருகும்.

ஆடு வாங்க வந்த உழவர் உடனே விலை கேட்பதில்லை. முதலில் ஆட்டை நிற்கவைத்துப் பார்ப்பார். பின்பு நடக்கவிட்டுப் பார்ப்பார். உதட்டை விலக்கிப் பல்லை எண்ணுவார். பால்பல் மட்டும் உள்ள குட்டியா, இரண்டு பல் போட்டதா, நான்கு பல் போட்டதா, கடை சேர்ந்ததா என்பதைக் கொண்டு அதன் வயதைக் கணிப்பார். முதுகெலும்பின்மேற் கையை வைத்து அழுத்திச் சதைப்பற்றை அறிவார். கண்ணிற் பீளையும், மூக்கிற் சளியும், வாலடியிற் கழிச்சலின் கறையும் உண்டா என்று நோக்குவார். விற்பவர் எவ்வூரினர், யாருக்கு உறவினர் என்று வினவுவார். இவ்வளவும் முடிந்த பின்னரே பேரம் தொடங்கும். பேரம் படிந்ததும் பணம் ஒரு கையிலிருந்து மறுகைக்குச் செல்லும். அந்நொடியே ஆட்டின் கயிறும் கைமாறும்.

இம்முறையில் மூன்று காவல்கள் உள்ளன. விலங்கு கண்முன் நிற்கின்றது. விற்பவர் கண்முன் நிற்கின்றார். பணமும் விலங்கும் ஒரே வேளையிற் கைமாறுகின்றன. சந்தையில் ஏமாற்றே இல்லை என்று கூறுவதற்கில்லை. வயிறு புடைத்துத் தோன்றும்படி ஆட்டுக்கு நீரை மிகுதியாகப் புகட்டிக் கொண்டுவருவாரும் உளர். ஆயினும், அங்கே ஏமாந்தவரும் ஓர் ஆட்டோடுதான் வீடு திரும்புவார், வெறுங்கையோடு திரும்புவதில்லை.

கண்ணுக்குப் புலப்படாத பொருளை விலைபேசும் வாணிகமும் அக்கடற்கரைக்குப் புதியதன்று. தூத்துக்குடிக் கடலில் 1961ஆம் ஆண்டு வரை முத்துக்குளிப்பு நிகழ்ந்தது. குளித்தெடுத்த சிப்பிகளைத் திறவாமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுதல் வழக்கம். எந்தச் சிப்பிக்குள் முத்து உண்டு என்பது எவருக்கும் தெரியாது. அத்தகைய வாணிகத்திலும் ஓர் ஒழுங்கு இருந்தது. குளிப்பை அறிவிக்குமுன் மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்துத் திறந்து, அவற்றிற் கிடைத்த முத்துகளை அறிந்தோர் மதிப்பிட்டனர். ஏலம் எடுத்தவர் முத்தைக் காணாவிடினும் சிப்பிக் குவியலைக் கண்டார். ஏலம் விட்டவரையும் கண்டார். ஆகவே, அவர் மேற்கொண்டது துணிவே அன்றிக் கண்மூடித்தனம் அன்று.

காணாச் சந்தை

இக்காலத்தில் திறன்பேசித் திரையிலும் ஒரு சந்தை கூடுகின்றது. நாய்க்குட்டி, பூனைக்குட்டி, கிளி ஆகியவற்றின் படங்கள் அங்கே ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. நேர்மையாக விற்போரும், வளர்க்க இயலாமையால் நல்ல இல்லம் தேடுவோரும் அங்கே உளர். ஆயினும், மேற்கூறிய மூன்று காவல்களும் அச்சந்தையில் இயல்பாக அமைவதில்லை. விலங்கு கண்முன் இல்லை, படமே உள்ளது. விற்பவர் கண்முன் இல்லை. ஓர் எண்ணும் ஒரு பெயருமே உள்ளன. பணம் முதலிற் செல்லும். விலங்கு பின்னர் வரும் என்பர். வஞ்சகர்க்கு வேண்டிய வாயில் இதுவே.

அவர்தம் சூழ்ச்சி பெரும்பாலும் ஒரே வழியிற் செல்வது. ஒரு குடும்பத்தார் தம் மகளின் பிறந்தநாளுக்கு நாய்க்குட்டி ஒன்று தேடுகின்றனர் என்று கொள்க. உயர்ந்த விலைக்குரிய குட்டி, மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் என்று ஒரு விளம்பரம் அவர்கள் கண்ணிற் படுகின்றது. சில விளம்பரங்களில் விலையே இராது. கொண்டுசேர்க்கும் செலவு மட்டும் தந்தாற் போதும் என்றிருக்கும். காரணம் கேட்டால் உருக்கமான கதை ஒன்று வரும். வெளிநாட்டு வேலைக்குச் செல்வதாக ஒருவர் கூறுவார். வீட்டிற் குழந்தைக்கு ஒவ்வாமை என்பார் மற்றொருவர். இராணுவ வீரர் என்று சொல்லிக்கொண்டு, பிறருடைய அடையாள அட்டையின் படத்தை அனுப்புவாரும் உளர். நேரில் வந்து பார்க்கலாமா என்று கேட்டால், தாம் தொலைதூர நகரம் ஒன்றில் இருப்பதாக விடை வரும்.

குடும்பத்தார் முன்பணம் செலுத்துகின்றனர். மறுநாள் கூரியர் நிறுவனம் என்ற பெயரில் வேறோர் எண்ணிலிருந்து செய்தி வருகின்றது. குட்டி புறப்பட்டுவிட்டது, ஆயினும், அதற்குக் குளிர்வசதியுள்ள கூண்டு வேண்டும், அதற்குரிய தொகையைச் செலுத்துக என்கின்றது அச்செய்தி. அதன்பின் காப்பீட்டுத் தொகை கேட்கப்படும். குட்டி வந்து சேர்ந்ததும் அத்தொகை திருப்பித் தரப்படும் என்ற உறுதியும் உடன் வரும். பின்னர்த் தடுப்பூசிச் சான்று; பின்னர் விமான நிலையத்தில் நோய்த்தடைக் காப்புக் கட்டணம். ஒவ்வொரு முறையும் இதுவே இறுதித் தொகை என்பர். குடும்பத்தார் தயங்கினால், குட்டி உணவின்றி வாடுகின்றது, அது இறந்தால் விலங்குவதைக் குற்றம் உங்களையே சாரும் என்று அச்சுறுத்துவர். இனிப் பணம் வாராது என்று தெரிந்ததும் அவ்வெண்கள் யாவும் அடங்கிவிடும்.

அறிவுடையோரும் இதில் ஏன் வீழ்கின்றனர் என்ற வினா எழலாம். இரண்டு காரணங்கள் உள்ளன. முதலிற் கொடுத்த தொகை வீணாகிவிடுமே என்ற கவலையால் மேலும் கொடுத்தல் ஒன்று. மற்றொன்று இதனினும் வலியது. படத்தைக் கண்ட அன்றே அவ்வீட்டுச் சிறுமி குட்டிக்குப் பெயர் இட்டுவிடுகின்றாள். அது படுக்க மூலையில் ஒரு சாக்கையும் விரித்துவிடுகின்றாள். பெயரிட்ட பின்பு அது விலைப்பொருள் அன்று, உறவு. உறவுக்குத் துன்பம் என்றால் கணக்குப் பார்ப்பார் யார்? வஞ்சகர் விற்பது நாயை அன்று. அன்பையே அவர் பிணையாகப் பிடிக்கின்றார்.

நிகழ்ந்த வழக்குகள்

இவை வெறுங்கற்பனை அல்ல. உத்தராகண்டம் மாநிலத்து டேராடூன் நகரில் வாழ்ந்த பெண்மணி ஒருவர் இணையத்தின் வழியே நாய்க்குட்டி வாங்க முயன்று, ஏறத்தாழ 66 இலட்சம் ரூபாயை இழந்தார். அத்தொகை ஒரே முறையிற் சென்றதன்று. பல பெயர்களிற் சிறிது சிறிதாகக் கறக்கப்பட்டது. அம்மாநிலக் காவல்துறையின் சிறப்புப் படையினர் 2021ஆம் ஆண்டில் பெங்களூருவில் கேமரூன் நாட்டினர் ஒருவரைக் கைது செய்தனர். ஒரு நாய்க்குட்டிக்கு இத்தனை இலட்சமா என்று வியப்போர், கிணற்றில் விழுந்த குடத்தை எடுக்கக் கயிற்றை விட்டு, கயிற்றை எடுக்கத் தாமும் இறங்கியவர் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதலில் இறங்கிய படி சிறியதே.

பிற நாடுகளிலும் இக்கொடுமை உண்டு. அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்தில் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. ருமேனியாவில் மாணவராகத் தங்கியிருந்த கேமரூன் நாட்டினர் ஒருவர் மீது அவ்வழக்குப் பதிவாயிற்று. போலி இணையத்தளங்களில் நாய்க்குட்டிகளைக் காட்டிப் பணம் பெற்றதாகவும், கொரோனா நோய் பரவிய அந்நாளில், குட்டிக்கு அந்நோயின் தொடர்பு ஏற்பட்டுவிட்டது என்று கூறி மேலும் பணம் கேட்டதாகவும் அதிற் குற்றஞ்சாட்டப்பட்டது. உலகமே அஞ்சி நடுங்கிய நோயையும் வஞ்சகர் கருவியாக்கிக் கொண்டனர் என்பது குறிக்கத்தக்கது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலிற் கூகுள் நிறுவனமே இத்தகைய நாய்க்குட்டி மோசடிக்காகக் கலிபோர்னியா நீதிமன்றத்தில் ஒருவர் மீது வழக்குத் தொடுத்தது. முதியவர்களைக் குறிவைத்து, பரிசு அட்டைகளின் வழியே பணம் பெற்றுக்கொண்டு, இல்லாத குட்டிகளை விற்றதாக அவ்வழக்கிற் கூறப்பட்டது. இவ்வழக்குகளால் ஓர் உண்மை புலப்படும். விற்பவர் என்று பேசுவார் அடுத்த தெருவிலும் இருக்கலாம்; ஆழ்கடலுக்கு அப்பாலும் இருக்கலாம். திரையில் இருவரும் ஒன்றுபோலவே தோன்றுவர்.

அருளைக் குறிவைக்கும் வஞ்சம்

வாங்குவோரை மட்டும் அன்றி, வளர்ப்போரையும் தத்தெடுப்போரையும் இவ்வஞ்சம் தொடர்கின்றது. வளர்த்த நாய் காணாமற்போனால் வீட்டார் அதன் படத்தையும் தம் தொலைபேசி எண்ணையும் பலரும் காண வெளியிடுவர். அதனைக் கண்ட ஒருவர், நாய் தம்மிடம் உள்ளது, அதனை அனுப்பும் செலவைத் தருக என்பார். மற்றொருவர், வண்டியில் அடிபட்டுக் கிடக்கின்றது, அறுவை மருத்துவத்துக்கு உடனே பணம் அனுப்புக என்பார். துயரத்தில் இருப்பவர் ஆராய்வதற்கு நேரம் எடுத்துக்கொள்வதில்லை. அந்த அவசரமே வஞ்சகரின் ஆயுதம்.

இன்னும் சிலர் அடிபட்ட விலங்குகளின் படங்களை எங்கிருந்தோ எடுத்து, தொண்டு நிறுவனம் நடத்துவதாகக் கூறி நன்கொடை திரட்டுவர். உண்மைத் தொண்டு எவ்வாறு இருக்கும் என்பதைத் தமிழகம் நன்கறியும். சென்னையிற் புளூ கிராஸ் அமைப்பு 1959ஆம் ஆண்டிலேயே தோன்றியது. விலங்குவதைத் தடைச் சட்டம் 1960ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதன்கீழ் 1962ஆம் ஆண்டில் அமைந்த இந்திய விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவராக ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார் விளங்கினார். இத்தகைய தொண்டுக்கு முகவரி உண்டு; சென்று காணத்தக்க காப்பகம் உண்டு; கொடுத்த பணத்துக்குச் சீட்டு உண்டு. இவற்றில் ஒன்றும் இல்லாது, கண்ணீரை மட்டும் காட்டுவதைத் தொண்டு என்று நம்பலாகாது.

விற்றற்குரியவை அல்லாத உயிர்களை விற்பதாகச் சொல்லும் வஞ்சகரும் உளர். பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாற் காக்கப்பட்டவை. அவற்றைப் பிடித்தலும், விற்றலும், வாங்கி வளர்த்தலும் குற்றமாம். இதில் ஒரு நுட்பமான சூழ்ச்சி உள்ளது. தடை செய்யப்பட்ட உயிரை வாங்க முயன்று ஏமாந்தவர், தம்மீதும் குற்றம் வருமே என்று அஞ்சிக் காவல் நிலையத்தை நாடார். திருடனுக்குத் தேள் கொட்டியது போல வாய்மூடி இருப்பார். சட்டத்துக்கு மாறான ஆசை, சட்டத்தின் துணையையும் இழக்கச் செய்யும்.

நாட்டு நாய்களை நாடுவோரும் விழிப்போடு இருத்தல் வேண்டும். கோவிற்பட்டி, கழுகுமலைப் பக்கங்களிற் கன்னி நாயைப் பேணி வளர்த்தல் நெடுநாளைய வழக்கம். இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என ஊர்ப்பெயராலேயே வழங்கும் நாயினங்களும் தமிழகத்தில் உண்டு. இராசபாளையம் நாயின் உருவம் பொறித்த அஞ்சல் தலை 2005ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் தலைமை அமைச்சர் தம் வானொலி உரையில் இந்நாய்களின் பெயர்களை எடுத்துரைத்தார். ஒரு பொருளின் புகழ் பரவுங்கால் அதன் போலியும் உடன் பரவுதல் உலகியல்பு. கலப்பினக் குட்டியைத் தூய இனம் என்று விற்பாரும், எங்கோ எடுத்த படத்தைக் காட்டிக் குட்டியே இல்லாமற் பணம் பெறுவாரும் அப்புகழின் நிழலிலேயே வாழ்கின்றனர். பாலைப் பார்த்துப் பசுவைக் கொள் என்பது முன்னோர் மொழி. அதுபோலத் தாய் நாயைப் பார்த்தே குட்டியைக் கொள்ளல் வேண்டும். கன்னி நாய் வளர்க்கும் வீடு பேருந்திற் சென்று வரத்தக்க தொலைவில் இருக்கும்போது, காணாத நகரத்துக்குப் பணம் அனுப்புவானேன்?

தற்காக்கும் முறை

சந்தையில் உழவர் கைக்கொள்ளும் மூன்று காவல்களையும் திரைச் சந்தையிலும் அமைத்துக்கொள்ளுதலே தற்காப்பின் வேர்.

முதலாவது, விலங்கை நேரிற் காண்க. செல்ல இயலாத தொலைவாயின், நம்பத்தக்க உறவினரையோ நண்பரையோ அனுப்பிக் காணச்செய்க. படம் மட்டும் சான்றாகாது. ஒரு படத்தையே தேடுபொருளாகக் கொடுத்து, அது வேறெங்கெங்கே வெளியாகியுள்ளது என்று காணும் வசதி இணையத்தில் உண்டு. அவ்வாறு தேடினால், ஒரே குட்டி பல ஊர்களிற் பல பெயர்களில் விற்பனைக்கு நிற்பதைச் சிலவேளை காணலாம். இல்லாத விலங்கின் படத்தையும் அசையும் காட்சியையும் செயற்கை நுண்ணறிவாற் படைக்க இயலும் இக்காலத்தில், கண்நேரிற் காண்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

இரண்டாவது, விற்பவரை அறிக. நாய் வளர்ப்பு, விற்பனை ஆகியவற்றுக்கான 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, விற்பனைக்காக நாய் வளர்ப்போர் மாநில விலங்கு நல வாரியத்திற் பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்றலாகாது. பதிவுச் சான்றைக் கேட்டல் வாங்குவோரின் உரிமை. தடுப்பூசிக் குறிப்பேட்டையும் ஊன்றி நோக்குக. வெறிநோய்த் தடுப்பூசி பொதுவாக மூன்று மாத வயதிற் போடப்படுவது. ஒன்றரை மாதக் குட்டிக்கு அது போடப்பட்டுவிட்டது என்று எழுதியிருப்பின் ஐயுறுக. குறிப்பேட்டிற் கையொப்பமிட்ட கால்நடை மருத்துவரிடமே கேட்டுத் தெளிதல் நன்று.

மூன்றாவது, விலங்கு கைக்கு வருமுன் பணம் கொடாதிருக்க. முன்பணம், கூண்டுப்பணம், காப்பீட்டுப்பணம் என்று எப்பெயராற் கேட்பினும் விடை ஒன்றே. பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. இரகசிய எண் ஒருபோதும் வேண்டுவதில்லை. க்யூ.ஆர். குறியீட்டைத் திறன்பேசியாற் படித்துத் தன் இரகசிய எண்ணை இட்டால், பணம் தன் கணக்கிலிருந்து வெளியே செல்லுமே அன்றி உள்ளே வாராது. திருப்பித் தருகிறேன், இக்குறியீட்டைப் படியுங்கள் என்பார் உரை பொய்யுரை என்று தெளிக. திறன்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் எவரிடத்தும் சொல்லலாகாது.

காணாமற்போன விலங்கைத் தேடுவோர் ஒரு நல்ல உத்தியைக் கையாளலாம். அதன் அடையாளங்கள் எல்லாவற்றையும் விளம்பரத்தில் வெளியிடாது, ஒன்றை மட்டும் மறைத்துவைத்தல் வேண்டும். காதின் உட்புறத்தில் உள்ள மச்சமோ, பின்காலில் உள்ள பழைய வடுவோ அவ்வடையாளமாகலாம். நாய் தம்மிடம் உள்ளது என்பாரிடம் அதனைக் கேட்டால், உண்மையாளர் நாயைப் பார்த்துச் சொல்வர்; பொய்யர் தொடர்பைத் துண்டிப்பர். நேரிற் சென்று பெறுங்கால் துணையோடு, பலர் நடமாடும் இடத்திற் சந்தித்தல் நலம். இளையோர் இச்செயல்களிற் பெற்றோரை அறியாமல் இறங்குதல் கூடாது.

ஏமாந்த பின்

இத்தனை விழிப்போடு இருந்தும் ஒருவர் ஏமாறக்கூடும். அப்போது செய்யத்தக்கது என்ன? நாணி மறைத்தல் மிகப்பெரிய பிழை. இழந்தது சிறு தொகை, ஊர் சிரிக்கும் என்று பலர் வாய்திறவாதிருக்கின்றனர். அவர்தம் மௌனமே வஞ்சகரின் அடுத்த முதலீடு. இணையக் குற்றங்களைப் பதிவு செய்வதற்குரிய தேசிய இணையத்தளம் 2019ஆம் ஆண்டு முதல் இயங்குகின்றது. பண மோசடிக்கு உள்ளானோர் உடனே அழைத்தற்குரிய எண் 1930. முறையீடு பதிவானவுடன் செய்தி வங்கிகளுக்குச் செல்லும். பணம் இன்னும் எடுக்கப்படாமல் ஏதேனும் ஒரு கணக்கில் இருந்தால் அதனை அங்கேயே நிறுத்திவைக்க வழியுண்டு. கைக்குக் கை மாறி எடுக்கப்பட்ட பின்பு மீட்டல் அரிது. ஆகலின், நாழிகையும் தாழ்த்தாது அழைத்தல் வேண்டும்.

அழைத்தபின், தம் வங்கிக்கும் அறிவித்தல் வேண்டும். வஞ்சகர் அனுப்பிய செய்தி, படம், எண், பணம் செலுத்திய குறிப்பு ஆகியவற்றைச் சினத்தாலோ வெட்கத்தாலோ அழித்துவிடலாகாது, அவையே சான்றுகள். கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவார்க்கு, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்து 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் உண்டு. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவும் ஏமாற்றுக் குற்றத்தைத் தண்டிக்கின்றது. மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன், அதற்குக் கட்டணம் தருக என்று சில நாள் கழித்து ஒருவர் வருவார். குதிரை கீழே தள்ளியதுமல்லாமற் குழியும் பறித்தது என்னும் பழமொழிக்கு அவரே இலக்கியம்.

அருளும் தெளிவும்

இவற்றையெல்லாம் கேட்ட ஒருவர், விலங்கின்மேல் அன்பு வைப்பதே ஆபத்து என்று எண்ணலாகாது. எட்டயபுரத்துப் பாரதியார் வீட்டிற் சமைக்க வைத்திருந்த அரிசியை எடுத்துக் குருவிகளுக்கு இறைத்தார் என்பர். அவ்வருளை எவரும் குறை கூறுவதில்லை. அவர் இறைத்த அரிசி கண்முன் இருந்த குருவிகளின் வாய்க்கே சென்றது. அருள் குறைய வேண்டுவதில்லை. அது சென்று சேரும் இடத்தை அறிந்துகொள்ளுதலே வேண்டுவது.

திருவள்ளுவர் அருளுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிந்து தெளிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்று மற்றொன்றுக்குப் பகையாயின் ஒரே நூலில் இரண்டும் இடம்பெற்றிரா. ஆராயாத அருள் வஞ்சகனுக்கு உணவாகும். அருளில்லாத ஆராய்ச்சி எவ்வுயிர்க்கும் உதவாது. படத்திலுள்ள குட்டிக்காக இலட்சங்களை இழப்போர் இருக்க, தெருவோரத்தில் மழையில் நனையும் குட்டிகள் ஒரு பிடி சோற்றுக்கும் ஒரு சாக்குப் படுக்கைக்கும் ஏங்கி நிற்கின்றன. அவை கண்முன் உள்ளன. அவற்றுக்குக் கூண்டுப்பணமும் காப்பீட்டுப்பணமும் கேட்பார் இலர். கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசி போட்டு அவற்றுள் ஒன்றை வீட்டுக்கு அழைத்துவருதலும் தத்தெடுத்தலே ஆகும்.

கொள்ளுதல் என்னும் சொல்லுக்கு விலைக்கு வாங்குதல் என்றும், ஏற்றுக்கொள்ளுதல் என்றும் பொருள் உண்டு. எட்டயபுரத்துச் சந்தையில் ஆட்டின் பல்லை எண்ணும் உழவர் இரண்டு பொருளுக்கும் ஒரே நெறியைக் கற்பிக்கின்றார்: உயிரை எவ்வாறு கொள்வதாயினும், கண்டு கொள்க.

பயிற்சி

1. ஆட்டுச் சந்தையில் அமைந்துள்ள மூன்று காவல்கள் யாவை? அவை திரைச் சந்தையில் எவ்வாறு இல்லாமற் போகின்றன?
2. முத்துச் சிப்பி ஏலத்துக்கும் காணாத விலங்கை வாங்குதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. முதலில் ஏமாந்தவர் மேலும் மேலும் பணம் கொடுப்பதற்குக் காரணங்கள் யாவை?
4. காணாமற்போன விலங்கைத் தேடுவோர் ஓர் அடையாளத்தை மறைத்துவைத்தல் ஏன்?
5. பண மோசடிக்கு உள்ளானவர் உடனே செய்யத்தக்கவை யாவை?
6. ‘அருளும் தெளிவும்’ என்னும் தலைப்பில் ஒரு பக்கக் கட்டுரை வரைக.